சதுப்பு நிலத்து வானதூதர்கள்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், பிளைத் ஆற்றுச் சதுப்பின் ஓரத்தில் நிற்கும் பிளைத்பரோ மூவொரு இறைவன் ஆலயம், அச்சிற்றூருக்குச் சற்றும் பொருந்தாப் பேருருவம் கொண்டது. 15ஆம் நூற்றாண்டின் பிற்காலக் கோதிக் பாணியில் எழுந்தது. வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டமையால், மேல்வரிசைச் சாளரங்களின் வழியே வெள்ளொளி தடையின்றி இறங்குகிறது. அவ்வொளியில், கூரை உத்தரங்களினின்று மரத்தாலான வானதூதர்கள் சிறகு விரித்து நம்மை நோக்குகின்றனர். பழைய வண்ணம் இன்னும் முற்றிலும் அழியவில்லை.

கீழே, இருக்கைகளின் முனைகளில் தலையான பாவங்கள் உருப்பெற்றுள்ளன. சோம்பேறி படுக்கையில் அமர்ந்திருக்கிறான். பெருந்தீனிக்காரன் தன் வயிற்றைப் பற்றியிருக்கிறான். அவன் அருகே அன்று யார் விரும்பி அமர்ந்திருப்பரோ! மறையுரையாளரைவிடத் தச்சன் இங்கே வல்லவன்.

வானதூதர்களின் உடலில் துளைகள் உண்டு. 1644இல் திருவுருவங்களை அழிக்க வந்த வில்லியம் டவ்சிங்கின் ஆட்கள் சுட்டவை அவை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிறர்மீது பழி சுமத்த வசதியான கதை. ஆனால் மரத்தினுள் கிடைத்த ஈயக் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. கூரையில் அடைந்த காக்கையினப் பறவைகளைச் சுடுவதற்கு ஆலயப் பொறுப்பாளரே பணம் கொடுத்த கணக்கும் உள்ளது. டவ்சிங் அங்கு வந்தது மெய். இத்துளைகள் மட்டும் அவர் கணக்கில் சேரா. பழைய கதையை நானும் ஒருமுறை மறையுரையில் கூறியிருக்கிறேன். வரும் ஞாயிறன்று அதைத் திருத்திக் கூற வேண்டும்.