பெயரை இழந்த முகங்கள்

புகைப்படம் கலையா, கைத்தொழிலா என்னும் வாதம் நெடுங்காலமாக நடந்து வருவது. அந்த வாதத்தில் குடும்பப் படங்களுக்கு இடம் கிடைப்பதில்லை. கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய பாட்டனார் படத்தையோ, அலமாரியில் துணிகளுக்கடியில் பத்திரப்படுத்திய திருமணப் படத்தையோ திறனாய்வுக்குரிய பொருளாக நாம் எண்ணுவதில்லை. அத்தகைய எளிய படங்களே, முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் ஓர் ஆப்பிரிக்க நகரத்திலிருந்து புறப்பட்டு, உலகின் பெரிய கலைக்கூடங்களைச் சென்றடைந்த வரலாறு ஒன்றுண்டு. அந்தப் பயணத்தில் அவை பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உருவப்படம் குறித்த மார்க்க விவாதம் அறிஞர்களுக்குரியது. அதற்குள் இங்கே நாம் புகவில்லை.

அந்த நகரம் மேற்கு ஆப்பிரிக்காவின் பமாக்கோ. இன்று மாலி நாட்டின் தலைநகராயிருக்கும் அது, 1960இல் விடுதலை பெறும்வரை பிரெஞ்சு சூடானின் தலைநகராயிருந்தது. அங்கே 1921ஆம் ஆண்டளவில் பிறந்தவர் ஸெய்தூ கெய்ட்டா. பள்ளிக்கூடம் சென்றவரல்லர், இளமையில் தச்சுத்தொழில் பழகியவர். 1935இல் அவருடைய சிறிய தந்தையார் செனெகலிலிருந்து ஒரு சிறு கோடாக் காமிரா வாங்கி வந்து கொடுத்தார். அதுவே தொடக்கம். 1948இல் தம் வீட்டு முற்றத்திலேயே ஸ்டூடியோ அமைத்தார். ரயில் நிலையம் அருகிலிருந்ததால் உள்ளூராரோடு வெளியூர்ப் பயணிகளும் வந்து குவிந்தனர். அரசாங்க ஊழியர், வணிகர், புதுமணத் தம்பதியர், கைக்குழந்தையோடு தாய்மார் எனப் பல்லாயிரவர் அவர் காமிராவின் முன் அமர்ந்தனர். 1962இல் அரசாங்கப் புகைப்படக்காரராக அழைக்கப்பட்ட பின்னர் அந்த ஸ்டூடியோ மூடப்பட்டது.

அவருடைய முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. மின்விளக்கை விடப் பகல் வெளிச்சத்தையே அவர் விரும்பினார். பின்திரையாக முதலில் தொங்கவிட்டது தம்முடைய கட்டில் விரிப்பைத்தான். சில ஆண்டுகளுக்கொரு முறை அத்திரை மாறியது. எந்தப் படம் எந்தக் காலத்தது என்று பிற்காலத்தில் அவர் கணிக்க அந்த மாற்றமே துணையாயிற்று. பிலிம் விலை மிகுதி. ஆகவே பெரும்பாலும் ஒருவருக்கு ஒரே ஒரு படம்தான். அந்த ஒன்றில் தவறு நேரலாகாது. உட்காரும் கோணத்தையும் கை வைக்கும் இடத்தையும் தலையின் சாய்வையும் அவரே தீர்மானித்தார். கைக்கடிகாரம், பேனா, வானொலிப் பெட்டி, மேல்நாட்டுச் சட்டை, கழுத்துப்பட்டை ஆகியவை ஸ்டூடியோவிலேயே இருந்தன, இல்லாதவர்கள் அணிந்துகொள்ளலாம்.

இரவல் கடிகாரம் அணிந்து எடுத்த படம் பொய்யன்றோ என்று கேட்கலாம். அவ்வாறு கொள்வதற்கில்லை. வெளிர்நிறக் கோட்டும் கறுப்புச் சட்டக் கண்ணாடியும் அணிந்த இளைஞர் ஒருவர் விரல்நுனியில் ஒற்றைப் பூவை ஏந்தியிருக்கும் படம் கெய்ட்டாவின் புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்று. அதில் நாம் காண்பது, தாம் எவ்வாறு நினைக்கப்பட வேண்டும் என்று ஒரு மனிதர் தாமே தேர்ந்துகொண்ட தோற்றம். பெரிய உருவமுடைய ஆடவர் ஒருவர் பச்சைக் குழந்தையை ஏந்தியிருக்கும் மற்றொரு படத்தில், அந்தக் கைகளின் கவனம் ஒரு தந்தையின் நெஞ்சத்தையே காட்டிவிடுகிறது. அந்நிய ஆட்சியில் அந்நாட்டு மக்களைப் பெரும்பாலும் ஓர் இனத்தின் மாதிரியாகவே படமெடுத்த காலம் அது. அக்காலத்தில் அவர்களைத் தனித்தனி மனிதர்களாக, மதிப்போடு அமர்த்திக் காட்டியதே கெய்ட்டாவின் சாதனை.

இனி, அந்தப் படத்தின் உருவத்தைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் பெற்றுச் சென்றது 13 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் நீளமும் உடைய சிறு பிரதி. நெகட்டிவைத் தாளின்மேல் நேராக வைத்து, அதே அளவில் அச்சிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதற்கும், உறையிலிட்டுத் தொலைவிலுள்ள உறவினருக்கு அனுப்புவதற்கும் ஏற்ற அளவு அது. பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தது. கையில் எடுத்தவர், படத்திலிருப்பவர் இன்னாரென்று அறிந்தவர். ஆகவே பெயரைச் சொல்லும் தேவையே அந்தப் படத்துக்கு எழவில்லை.

1991இல் நியூயார்க்கில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் அவருடைய படங்கள் சில இடம்பெற்றன. அப்போது அவற்றை எடுத்தவர் யாரென்று தெரியாது என்றே குறிக்கப்பட்டிருந்தது. அவற்றைக் கண்டு வியந்த பிரெஞ்சுக் கலை ஆர்வலர் ஒருவர் பமாக்கோவுக்கே சென்று கெய்ட்டாவைக் கண்டுபிடித்தார். பழைய நெகட்டிவ்களை முதியவர் ஒழுங்காகப் பாதுகாத்து வைத்திருந்தார். 1994இல் பாரிஸில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. நெகட்டிவ்களிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட அளவிலே புதிய பிரதிகள் எடுக்கப்பட்டன. 2001இல் பாரிஸில் அவர் காலமானபோது உலகப் புகழ் பெற்றிருந்தார். 2016இல் பாரிஸின் கிராண்ட் பாலே மாளிகையிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இந்தப் பெரிய பிரதிகளால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. ஆடையின் பூவேலைப்பாடும் பின்திரையின் பூவேலைப்பாடும் ஒன்றோடொன்று கலந்து எழும் அழகைச் சிறு பிரதியில் இவ்வளவு தெளிவாகக் காண இயலாது. ஓர் ஏழை நாட்டுக் கைவினைஞர் பெருங்கலைஞராக மதிக்கப்பெற்றதும் நியாயமே. ஆயினும் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். கண்காட்சிச் சுவரில் அந்தப் படங்களின் கீழ் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் ‘தலைப்பில்லை’ என்பதுதான். எடுத்தவரின் பெயரை உலகம் தேடிக் கண்டுபிடித்தது. எடுக்கப்பட்டவரின் பெயருக்கு அந்த முயற்சி வாய்க்கவில்லை. தம்மை ஒரு தனி மனிதராக நிலைநாட்டிக்கொள்ளவே காசு கொடுத்து அமர்ந்தவர், கலைக்கூடத்துக்கு வந்ததும் மீண்டும் பெயரற்ற ஓர் ஆப்பிரிக்கராகிவிட்டார்.

ஆதலால் சிறு பிரதியும் பெரும் பிரதியும் ஒரே படைப்பின் இரண்டு அளவுகள் என்று கருதுவது பிழை. பெரும் பிரதியில் இருப்பது உருவம்; சிறு பிரதியில் இருப்பது உறவு. நெகட்டிவிலிருந்து உருவத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். ‘இது என் வாப்பா’ என்று சொல்லும் ஒரு நாவின் துணையின்றி உறவை அச்சிட எந்த இருட்டறையாலும் இயலாது. குடும்பப் படத்தின் மதிப்பு முகத்தில் மட்டுமில்லை. முகத்துக்கும் பெயருக்கும் உள்ள முடிச்சில் இருக்கிறது. அந்த முடிச்சு அவிழ்ந்தால், எஞ்சுவது அழகிய ஓர் அந்நியரே.

இது தொலைதூர நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. இன்று கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்கின்றன. கருவி பழுதானால் பல அதனோடு அழிகின்றன. காகிதப் பிரதியோ, நன்றாகக் கழுவி எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படமாயின், ஈரமும் கறையானும் அணுகாதவரை நூறாண்டும் நிற்கவல்லது. 1970களின் வண்ணப் படங்கள் பல இப்போதே மங்கிச் சிவந்துவிட்டன. அவற்றுக்கு மறுபிரதி எடுத்து வைப்பது நன்று. ஆனால் தாளைக் காப்பதோடு கடமை முடிவதில்லை. கொழும்புக்கும் பினாங்குக்கும் சென்றவர்கள் அனுப்பிய படங்களை இன்னார் இன்னாரென்று அடையாளம் காட்டக்கூடிய உம்மம்மாக்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களருகே அமர்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் ஓரமாக எழுதிவைக்க வேண்டும். மைப்பேனா வேண்டா, மை ஊறி முகத்தைக் கறைப்படுத்தும்.

பமாக்கோவின் அந்த இளைஞர் இரண்டு விரல்களால் பூவைப் பிடித்தபடி உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் இன்னாரென்பதை உலகம் அறியவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் யாரென்பதை நம் பேரப்பிள்ளைகள் அறிவதற்கு இன்னும் வழியிருக்கிறது.