வெட்டுக்கு முன்னும் பின்னும்: இரு கரைகளில் நீரிழிவுப் பாதம்

அறுவை மேசையில் யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீரிழிவுக்காரரைப் பட்டியலில் முதல் ஆளாகப் போட்டு, பட்டினி கிடக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். அன்று காலை மாத்திரையை நிறுத்தி, இன்சுலின் கொடுத்து, சர்க்கரையை 180க்கு மேல் ஏறவிடாமல் பார்ப்பார்கள். அழுகிய சதையை எடுப்பதும் சீழை வடிப்பதும் ஒரே பாடம்தான். வேறுபாடு எல்லாம் தியேட்டர் கதவுக்கு வெளியே.

இலங்கையில் நோயாளி பெரும்பாலும் அரச வைத்தியசாலை கிளினிக்கில் பதிந்தவர். கையில் கிளினிக் கொப்பி இருக்கும். முன்னர் குடித்த மருந்து, சீனி அளவு எல்லாம் அதில் வரிசையாக. சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சொற்பம். 2022 பொருளாதார நெருக்கடியில் அவசரமற்ற சிகிச்சைகளைத் தள்ளிப்போடவும் நேர்ந்தது. தமிழ்நாட்டில் இரத்தக்குழாய் அடைப்பு நீக்கும் வசதி பெருநகரங்களில் அதிகம். 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீடு தனியார் கதவையும் திறந்தது. ஆனால் மருந்துக்கடைக் களிம்பு, தெருமுனை கிளினிக், தனியார் மருத்துவமனை, கடைசியில் ஜி.எச். (அரசு மருத்துவமனை) என்று அலைந்து வருபவரின் பையில் நாலு ஃபைல் இருக்கும். ஒன்று சொன்னதை மற்றொன்று அறியாது. இரு கரையிலும் நான் அஞ்சுவது ஒன்றுதான்: காலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று பார்க்காமலே விரலை எடுப்பது. அந்தக் காயம் ஆறாது. அடுத்த வெட்டு இன்னும் மேலே.

வார்டில் நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் கட்டிலடியில் பாய் விரித்துக் கிடக்கும் மனைவியோ மகளோ கட்டு மாற்றுவதைத் தினமும் பார்க்கிறார். வீட்டுக்குப் போகுமுன் பாதி கற்றுவிடுகிறார். இலங்கையில் உறவினர் பார்வை நேரத்தில் வந்துபோவதே வழக்கம், வேலை தாதியருடையது. அதை ஈடுகட்டுவது ஊர் வைத்தியசாலையில் காசில்லாமல் காயத்துக்கு மருந்து கட்டும் ஏற்பாடு.

அதன்பின் செருப்பு. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்டு தொழுநோயாளிகளிடம் கண்டது, வலி தெரியாத பாதம் தன் அழுத்தத்தாலேயே புண்ணாகிறது என்பதை. அங்கிருந்து வந்த எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பே இன்று நீரிழிவுக்காரருக்கும். விரலால் அமுக்கினால் அமுங்கி எழும் மெத்தென்ற அடி. குதிகாலைப் பிடிக்கப் பின்வார் வேண்டும், ஏனெனில் செருப்பு கழன்று போனதே அவருக்குத் தெரியாது. நல்லூர்க் கோயில் வீதியிலும் திருவண்ணாமலை கிரிவலத்திலும் வெறுங்காலில் நடப்பவருக்கு ‘செருப்பைக் கழற்றாதே’ என்பது எளிதில் ஏறாது. தடித்த காலுறையாவது போடுங்கள் என்று பேரம் பேசும் தாதி கெட்டிக்காரி.

காலே போனவருக்கு யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் உண்டு. செயற்கைக் கால் கிடைக்கிறது. மிஞ்சிய கால்தான் இனி கூடுதல் பாரம் சுமக்கும்; அதற்கான செருப்பை மட்டும் இரு கரையிலும் பெரும்பாலும் குடும்பமே தேடி வாங்குகிறது.