தினம் போடும் நகை

கல்யாணத்துக்குப் போடும் ஆரம் எதுவானால் என்ன, வருஷம் முழுக்க லாக்கரில்தானே தூங்குகிறது. தினமும் உடம்போடு உழைக்கும் நகைக்குத்தான் உலோகம் பார்க்க வேண்டும். வளையலுக்கு 916 முத்திரை போதும்: நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். அந்தக் கலப்புதான் கெட்டி தருகிறது. கல் மோதிரமென்றால் நான் 18 காரட் பக்கம். மஞ்சள் கொஞ்சம் மட்டு. ஆனால் கல்லைக் கவ்வியிருக்கும் நுனிகள் லேசில் வளையாது.

வளையலில் கண்ணாடிப் பளபளப்பு வேண்டவே வேண்டாம். பஸ் கம்பி, குழாயடி, மேஜை விளிம்பு எல்லாம் அதில் கீறல் போடும். மேட் ஃபினிஷில் அவ்வளவு தெரியாது. நாளாக ஆக, மேஜையில் உரசும் பக்கம் மட்டும் தானாக மினுங்கத் தொடங்கும். எனக்கு அது பிடிக்கும். கடைக்காரருக்குப் பொறுக்காது, பாலிஷ் போடச் சொல்வார். ஒவ்வொரு பாலிஷிலும் துளித் தங்கம் போகும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

காலுக்கு வெள்ளிதான், அதிலும் சேலத்துக் கொலுசு. காற்றில் இருக்கும் கந்தகத்தால் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்க்கலாம். பூ வேலையின் இடுக்கில் படிந்த கறுப்பை மட்டும் விட்டுவிடுங்கள், செதுக்கல் எடுப்பாகத் தெரிவது அதனால்தான்.