வஞ்சப்புகழ்ச்சியைக் கற்பித்தல்: புறநானூறு 95ஐ முன்வைத்து

வஞ்சப்புகழ்ச்சி அணியைக் கற்பிக்கும் முறை தமிழ் வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்ட ஒன்று. புகழ்வது போலப் பழித்தலும் பழிப்பது போலப் புகழ்தலும் என இலக்கணம் கூறப்படும், கயமை அதிகாரத்துக் குறள் (1073) சான்றாகக் காட்டப்படும், அணிப்பொருத்தம் எழுதப்படும். தேர்வு நோக்கில் இதில் குறை காண்பதற்கில்லை. ஆயின் மாணவர் அணியின் பெயரை அறிகின்றனரேயன்றிக் கூற்றின் தொனியைச் செவிகொண்டு கேட்கப் பழகுவதில்லை.

சான்றாகக் காட்டப்படும் குறளின் இயல்பும் இதற்கு ஒரு காரணம். கயவரைத் தேவரோடு ஒப்பிட்டு, விரும்பியவாறே ஒழுகுதலை அவ்வொப்புமைக்குக் காரணமாக்கும்போதே புகழ் பழிப்பாகிவிடுகிறது. அதிகாரத் தலைப்பும் பொருளை முன்னரே காட்டிவிடுகிறது. படிப்போர் ஐயுற இடமில்லை. விதியை விளக்க இது மிக ஏற்றது. தொனியைப் பயிற்றுவிக்க அத்துணை ஏற்றதன்று.

ஔவையாரின் புறப்பாடல் (95) இதனின் வேறானது. ஒருவனுடைய படைக்கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பட்டுக் காவல்மிக்க மனையில் உள்ளன. மற்றொருவனுடையவை பகைவரைக் குத்தி முனையும் விளிம்பும் சிதைந்து, கொல்லனது சிறிய பணிக்களத்தில் கிடக்கின்றன. இரண்டும் மெய்யுரைகளே. பொய்ப்புகழும் இல்லை, பழிச்சொல்லும் இல்லை. அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் மட்டுமே இரு படைகளையும் பிரிக்கின்றன. தொண்டைமான் பெயரோ அதியமான் பெயரோ பாடலுள் இடம்பெறவில்லை. தூது சென்ற ஔவையார்க்குத் தொண்டைமான் படைக்கொட்டிலைக் காட்டிய செய்தியைப் பாடலின் பழங்குறிப்பே தருகிறது. துறை வகுத்தோர் இதனைப் பாடாண் திணையில் வாண்மங்கலம் என்றே கொண்டனர், அஃதாவது வாழ்த்து.

எனவே பழிப்பு பாடலின் சொற்களில் இல்லை. கேட்போன் உள்ளத்தில் விளைகிறது. பகைவன் மனையில் நின்று பேசும் தூதர்க்கு இம்மறைவு ஓர் அழகு மட்டுமன்று, காப்பும் ஆகும். தொண்டைமான் சினந்தால், உள்ளதையே உரைத்ததாக ஔவையார் கூறிவிட முடியும். 'இது வஞ்சப்புகழ்ச்சி' என்ற முன்னறிவிப்போடு பாடலைத் தொடங்கும் ஆசிரியர் அந்தக் காப்பையும், அதனோடு பாடலின் துணிவையும் மாணவர் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறார்.

பழங்குறிப்பை நீக்கிப் பாடலை முதலில் படிக்கச் செய்தல் பயன் தரும். அந்நிலையில் அது ஒரு மறவனின் வேலைப் புகழும் பாட்டு. பின்னர்க் குறிப்பைச் சேர்த்து மீண்டும் படிக்கும்போது, ஒரு சொல்லும் மாறாமல் முதற்பகுதியின் தொனி மாறிவிடும். பழங்குறிப்புகளின் காலமும் நம்பகமும் ஆராய்ச்சிக்குரியன என்பதையும் மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. தொனி எதனைச் சார்ந்து நிற்கிறது என்னும் வினா அதனால் கூர்மையே பெறும்.

இதற்குரிய கருவிகளைப் புறத்தே தேட வேண்டுவதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்த 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், எச்சம், முன்னம் ஆகியன உள்ளன. யார், யாரிடம், எவ்விடத்துக் கூறினார், கூறாது விட்டது யாது என்பனவே தொனிக்குரிய வினாக்கள். இவ்வுறுப்புகளை யாப்புப் பாடத்தோடு ஒதுக்கிவிட்டு, தொனியை அணியின் ஒரு பிரிவாகச் சுருக்கியது பாடத்திட்டத்தின் பிழை. இலக்கண மரபின் பிழையன்று.

உரைநடைக்கு வரும்போது இப்பிழையின் விலை மிகுகிறது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையில் அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி கொடுப்பதற்காக அம்மாளு தன்னை விற்கிறாள். கதைசொல்லி கற்பைப் பற்றிப் பேசுகிறார். அணிப்பெயர் எதுவும் இங்கு உதவாது. யாரை நோக்கிய கூற்று என்று கேட்கப் பழகாத மாணவர், அந்த எள்ளல் அம்மாளுவின் மீது விழுவதாகவே கொள்ளக்கூடும். அவ்வாறு படித்தால், கற்பை முழங்குவோரைக் கூண்டில் ஏற்றிய கதை அவளையே குற்றவாளியாக்கிவிடும்.