ஈரம் காத்தால் உயிர்

ரப்பர் விதையைக் கையிலெடுத்துப் பாருங்கள்: வெளிர்பழுப்பு ஓட்டில் கரும்பழுப்புத் திட்டுகள், எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பு. அழகுதான், ஆயுள் குறைவு. நெல்லைப்போல் உலர்த்திக் குதிரில் கொட்ட முடியாது, காய்ந்தால் செத்துவிடும். குமரி மாவட்டத் தோட்டங்களில் ஆடி, ஆவணியில் காய் வெடித்து விதை சிதறும். விழுந்த கையோடு பொறுக்கி, மணற்பாத்தியில் ஊன்றிவிடுவதே உத்தமம். முடியாவிட்டால் ஈரக் கரித்தூளில் கலந்து, துளையிட்ட பாலித்தீன் பையில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பதம் அறிந்த கைகளை நான் வணங்குகிறேன். இந்த விதையின் உயிர் காப்பது எளிதல்ல: 1876-இல் ஆங்கிலேயரான விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற சுமார் 70,000 விதைகளில், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை 3,000 கூட இல்லை. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குப் போயிற்று. விதை வாங்குகிறவர்கள் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பருப்பு கலகலத்தால் வாங்காதீர்கள்.