கோல்கொண்டேயின் காற்றுக் கணக்கு

எங்க வீட்டுக்கு ஏசி மாட்ட வந்தவர் அறையை ஒரு பார்வை பார்த்துட்டு, “நூறு சதுர அடிக்கு ஒரு டன் சார்” என்றார். மேலே வெயில் வாங்கும் மொட்டை மாடியா, இன்னொரு வீடா என்று கேட்கவே இல்லை.

குளிர் நாட்டில் ஃபர்னஸ் புளோயர் வாங்குபவர்கள்கூட இதைவிடக் கவனமாகக் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு எளிது: எத்தனை கிலோவாட் வெப்பம், அதைச் சுமக்கும் காற்று எத்தனை டிகிரி சூடேறலாம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் காற்றின் அளவு. ஃபர்னஸில் 30 டிகிரி ஏறலாம் என்பதால் ஒரு கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 60 கன அடி போதும். புதுச்சேரியில் வெறும் காற்றோட்டத்தை நம்பினால் 2 டிகிரிக்கு மேல் ஏற விடமுடியாது. அதே கிலோவாட்டுக்கு 880 கன அடி! பதினைந்து மடங்கு. காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வந்தால், உள்ளே வர ஒன்பது சதுர அடித் திறப்பு, வெளியே போக எதிர்ப்பக்கம் இன்னொரு ஒன்பது.

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை இந்தக் கணக்கோடு பார்க்கணும். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நாகஷிமா உடனிருந்து கட்டியது, 1930களில் தொடங்கியது. அதன் எளிமையை, தியான அமைதியை எல்லாரும் எழுதியாச்சு. எனக்குப் பெரிசாத் தெரிவது வேறு: அங்கே சுவரே காற்றுக்குழாய். வடக்கு, தெற்கு இரண்டு முகப்பிலும் திருப்பக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பலகைகள். அறைக்கும் நடைக்கும் நடுவில் இடுக்குவிட்ட தேக்குக் கதவு, அதனால் கதவைச் சாத்தினாலும் காற்று நிற்காது. ஒரு வரிசை அறைதான், எதிர் வரிசை கிடையாது. இன்றைய மனை விலையில் எந்த பில்டரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

காப்பியடிப்பவர்கள் பலகையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சமீபத்தில் பார்த்த ஒரு புது விடுதியில் தெருப்பக்கம் அழகான பலகைகள். பின்சுவரில் திறக்கவே முடியாத கண்ணாடி. வெளியே போகும் ஒன்பது அடி எங்கே?

கோல்கொண்டேக்கும் குறை உண்டு. காற்றை விடும் பலகை சத்தத்தையும் விடும். அந்த அமைதியில் பாதி ஆசிரம ஒழுங்கு தந்தது. அப்புறம் மே மாத மதியம், கடற்காற்று வருவதற்கு முன், வெளிக்காற்று அறையைவிடச் சூடு. அப்போது அந்த 880 கன அடியும் வெப்பத்தை உள்ளேதான் கொண்டுவரும். பலகையைச் சாத்தணும், எப்போ என்பதை அறையில் இருப்பவர்தான் பார்த்துக்கணும்.