குளிரில் நிற்கும் அடிமரங்கள்

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் என் மனசுக்கு நெருக்கமானவன் முட்டாள் இவான். அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட தொகுப்பில் ஒரு கதை. வீட்டுச் சாமான் வாங்க இவானை நகரத்துக்கு அனுப்புகிறார்கள். மேசை, கரண்டி, பானை, உப்பு எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. குதிரை திணறுகிறது. குதிரைக்கும் நாலு கால், மேசைக்கும் நாலு கால், தானே வந்து சேரட்டும் என்று மேசையை வழியில் இறக்கிவிடுகிறான்.

காட்டோரம் கருகிய அடிமரங்கள் நிற்கின்றன. ஐயோ, தலையில் தொப்பிகூட இல்லையே, பையன்களுக்குக் குளிருமே என்று புதுப் பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கிறான். குதிரை ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவில்லை; உப்பில்லாததால்தான் என்று மூட்டை உப்பையும் ஆற்றில் கொட்டுகிறான். மிச்சமிருக்கும் கரண்டிகள் பைக்குள் கடகடக்கின்றன. தன்னைத்தான் முட்டாள் என்று கேலி செய்கின்றன என்று கோபம் வந்து, கீழே போட்டு மிதிக்கிறான்.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையிலும், ஆறு தூங்குகிறதா என்று சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பான். அது பயம். இவானுடையது இரக்கம். எத்தனையோ மூடர் கதைகள் உண்டு; அந்தப் பானைக் காட்சிக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கரண்டிகள் பேசும் இடத்தில் நிஜமாகவே இரண்டு கரண்டிகளைத் தட்டிக் காட்டுங்கள்.